‘உன் விசுவாசம் போதவில்லை’ என்கிறார்கள், பாஸ்டர்!

வாசகர் கடிதம்:

பாஸ்டர், எனக்கு வயது 36. மூன்று வருடமாக முடக்குவாதம். காலையில் விரல்களை மடக்கவே அரைமணி நேரம் ஆகிறது. எங்கள் ஜெபக்குழுவில் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறேன். ஒன்றும் குறையவில்லை. போன மாதம் ஒரு சகோதரர் வெண்கலச் சர்ப்பத்தைப் பற்றிச் செய்தி கொடுத்தார். “பார்த்தவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். பிழைக்காதவர்கள் சரியாகப் பார்க்காதவர்கள்” என்றார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். மாத்திரையை நிறுத்துவதுதான் மெய்யான விசுவாசம் என்று குழுவில் இன்னொருவர் சொல்கிறார். சுகமாவதற்கே என் விசுவாசம் போதவில்லை என்றால், இரட்சிக்கப்படுவதற்கு மட்டும் போதுமா? அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அப்புறம் ஒரு சந்தேகம். விக்கிரகம் செய்யாதே என்று சொன்ன தேவனே ஏன் பாம்பின் உருவத்தைச் செய்யச் சொன்னார்? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு,

மாத்திரையை நிறுத்தாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசுவோம், இது மட்டும் முதலில். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மருந்துகளில் சிலவற்றை, முக்கியமாக ஸ்டீராய்டு வகையை, டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்துவதே ஆபத்து. அரித்துப்போன மூட்டு பழையபடி வளர்ந்து வராது. மருந்தை விட்டால்தான் விசுவாசம் என்று வேதத்தில் எங்கேயும் இல்லை. அதற்கு நேர்மாறான ஒரு சம்பவம்தான் இருக்கிறது. அதைப் பிற்பாடு சொல்கிறேன். அதில் வருகிற ராஜாவுக்கும் இந்த வெண்கலச் சர்ப்பத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு.

இனி கதைக்கு வருவோம். எண்ணாகமம் 21ஆம் அதிகாரம், 4 முதல் 9 வரை, ஆறே வசனங்கள். ஆறு வசனங்களை மட்டும் கத்தரித்து எடுத்துப் பிரசங்கம் பண்ணும்போதுதான் வம்பு வருகிறது. நீங்கள் 20ஆம் அதிகாரத்திலிருந்து படியுங்கள். மோசேயின் சகோதரி மிரியாம் காதேசில் இறந்து அங்கேயே அடக்கம்பண்ணப்படுகிறாள். குடிக்கத் தண்ணீர் இல்லை. கன்மலையை அடித்த விஷயத்தில் மோசேக்கே, தேவன் வாக்குக்கொடுத்த கானான் தேசத்துக்குள் போகும் பாக்கியம் போய்விடுகிறது. உங்கள் தேசத்தின் வழியாகக் கடந்து போகிறோம், கிணற்றுத் தண்ணீரைக்கூடத் தொடமாட்டோம் என்று கேட்டும் ஏதோமின் ராஜா வழி விடவில்லை. பிறகு ஓர் என்னும் மலையில் மோசேயின் அண்ணன் ஆரோன் சாகிறான். வயது 123, எகிப்திலிருந்து புறப்பட்ட 40ஆம் வருடம், ஐந்தாம் மாதம், முதல் தேதி என்று 33ஆம் அதிகாரம் கணக்காகக் குறித்து வைத்திருக்கிறது. 30 நாள் துக்கம் கொண்டாடுகிறார்கள். இடையில் ஆராத்தின் ராஜாவை ஜெயித்த ஒரு வெற்றி. சரி, இனி நேரே கானான்தான் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ஏதோமைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதற்குச் சிவந்த சமுத்திரத்தின் பக்கமாக, தெற்கே, போக வேண்டிய தேசத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டும்.

40 வருடம் நடந்தபிறகு திரும்பி நடப்பது! “வழியினிமித்தம் ஜனங்கள் மனமடிவடைந்தார்கள்” என்கிறது வசனம். மூன்று வருடமாகக் காலையில் விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டே எழுந்திருக்கிற உங்களுக்கு இந்த வார்த்தையை நான் விளக்க வேண்டியதில்லை.

மனமடிவு முறுமுறுப்பாகிறது. அப்பமும் இல்லை, தண்ணீரும் இல்லை, இந்த அற்பமான உணவு எங்கள் மனதுக்கு வெறுப்பாயிருக்கிறது என்கிறார்கள். அற்பமான உணவு என்று அவர்கள் சொன்னது மன்னாவை. வானத்திலிருந்து தினமும் விழுந்ததை அப்படிச் சொன்னார்கள். அப்போதுதான் கொள்ளிவாய்ச் சர்ப்பங்கள் வருகின்றன, அநேகர் சாகிறார்கள். கர்த்தர் அனுப்பினார் என்றே எழுதியிருக்கிறது, அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்கள் நடந்து வந்த வனாந்தரமே கொள்ளிவாய்ச் சர்ப்பங்களும் தேள்களும் உள்ள இடம் என்று உபாகமம் 8:15 சொல்கிறது. அத்தனை வருடமும் அந்தப் பாம்புகளுக்கு நடுவேதான் நடந்திருக்கிறார்கள். ‘அனுப்பினார்’ என்று எபிரெயத்தில் இருக்கும் சொல்லுக்கு ‘போக விட்டார்’ என்ற பொருளும் உண்டு. பார்வோனிடம் “என் ஜனங்களைப் போகவிடு” என்று மோசே கேட்டதும் இதே சொல்லால்தான். தடுத்து வைத்திருந்த கை விலகியது என்று இந்த இடத்தை வாசிக்கிறவர்கள் உண்டு. எனக்கும் அந்த வாசிப்பில் நியாயம் தெரிகிறது.

அந்தக் கதையில் பாம்புக்கடிக்குப் பின்னால் ஒரு பாவம் இருந்தது என்பதால் உங்கள் மூட்டுவலிக்குப் பின்னாலும் ஒரு பாவத்தைத் தேடிக்கொண்டு யாராவது வந்தால், யோவான் 9ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்களைத் திறந்து காட்டுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு முடித்துவிட்டார்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஜனங்கள் மோசேயிடம் என்ன கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். சர்ப்பங்கள் எங்களைவிட்டு நீங்கும்படி விண்ணப்பம்பண்ணும் என்றார்கள். மோசே விண்ணப்பம்பண்ணினான். கிடைத்த பதில் என்ன? பாம்புகள் நீங்கின என்று அந்தப் பகுதியில் ஒரு வரிகூட இல்லை, தேடிப் பாருங்கள். ஒரு சர்ப்பத்தைச் செய்து கம்பத்தின்மேல் தூக்கிவை, கடிக்கப்பட்டவன் எவனோ அதை நோக்கிப்பார்த்தால் பிழைப்பான் என்பதுதான் பதில். 9ஆம் வசனமும் “சர்ப்பம் ஒருவனைக் கடித்தபோது” என்றுதான் போகிறது. கம்பம் நட்ட பிறகும் பாம்பு கடித்துக்கொண்டிருந்தது என்றுதான் அந்த வாக்கியம் எனக்குப் படுகிறது. கேட்டது பாம்பில்லாத பாளயம். கொடுக்கப்பட்டது, பாம்பு இருக்கிற பாளயத்திலேயே சாகாமல் இருக்க ஒரு வழி. நம்முடைய சாட்சிக் கூட்டங்களில் முதல் வகைச் சாட்சிகள்தான் மேடை ஏறுகின்றன. இரண்டாவது வகையில் வாழ்கிறவர்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அடுத்தது, “சரியாகப் பார்க்காதவர்கள்” என்ற பேச்சு. அந்தச் சொல் வேதத்தில் இல்லை. எபிரெய மூலத்தில் 8ஆம் வசனத்தில் பார்ப்பதற்கு ஒரு வினைச்சொல், 9ஆம் வசனத்தில் வேறொரு வினைச்சொல். முதலாவது சாதாரணமாகக் காண்பது. இரண்டாவது, கண்ணை அந்தப் பக்கம் திருப்பி நோக்குவது. இரண்டுக்குமே பலன் ஒன்றுதான், பிழைப்பான். எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும், எவ்வளவு தூரத்திலிருந்து, என்ன மனநிலையோடு என்று ஒரு நிபந்தனையும் இல்லை. யாருக்கு இந்த வழி கொடுக்கப்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. சற்று முன்புவரை மன்னாவைத் திட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு. விஷம் ஏறியவனுக்குக் கண் எவ்வளவு தெளிவாக இருந்திருக்கும்? கம்பம் அவனுக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு. அவன் பிழைத்ததற்குக் காரணம் கம்பத்தின்மேல் இருந்ததும், அதை அங்கே வைக்கச் சொன்னவர் கொடுத்த வாக்கும். கண் செய்த காரியம் அந்தப் பக்கம் திரும்பியது மட்டும்தான்.

என்னுடைய ஒரு தவற்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஊழியத்துக்கு வந்த புதிதில், ஒரு மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “முழு மனதோடு நம்புங்கள், எழும்பி நடப்பீர்கள்” என்று ஒரு தாயாரிடம் உறுதியாகச் சொன்னேன். பத்து நாளில் அவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்ததும் அவருடைய மகள் என்னிடம் வந்து, “அம்மா கடைசியில் சரியாக நம்பவில்லையா, பாஸ்டர்? அவங்க எங்கே போயிருப்பாங்க?” என்று கேட்டாள். ஒரு நோய்க்காகச் சொன்ன வார்த்தை, அந்தப் பெண்ணிடமிருந்து தாயின் இரட்சிப்பையே பிடுங்கிப் போட்டிருந்தது. உங்கள் கடிதத்தை வாசித்தபோது அந்தப் பெண்ணின் குரல்தான் கேட்டது. அவளிடம் அன்றைக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இன்று உங்களுக்கு எழுதுவது அவளுக்குச் சொல்லாமல் விட்டதுதான்.

விக்கிரகச் சந்தேகத்துக்கு வருவோம். நல்ல கேள்வி, ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்குச் சிக்கல் இல்லை. யாத்திராகமம் 20இல் உருவங்களை உண்டாக்கி நமஸ்கரிக்க வேண்டாம் என்றவர்தான், 25ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கைப் பெட்டியின்மேல் பொன்னால் இரண்டு கேருபீன்களைச் செய்யச் சொல்கிறார். அதன் முன்னால் விழுவதுதான் தடுக்கப்பட்டது. வனாந்தரத்துக் கம்பத்தின் முன் யாரையும் முழங்கால்படியிடச் சொல்லவில்லை. பழைய யூத ரபிமாரும் இதை யோசித்திருக்கிறார்கள். மிஷ்னா என்ற அவர்களுடைய போதனைத் தொகுப்பில், பாம்பா கொல்லும், பாம்பா உயிர் கொடுக்கும் என்று கேட்டுவிட்டு, இஸ்ரவேலர் மேலே நோக்கித் தங்கள் இருதயத்தைப் பரலோகப் பிதாவுக்குக் கீழ்ப்படுத்தியபோது சுகமானார்கள் என்று பதில் சொல்லியிருக்கிறது. கத்தோலிக்கர் வேதாகமத்தில் உள்ள சாலமோனின் ஞானம் 16ஆம் அதிகாரமும் இதையே சொல்கிறது. திரும்பிப் பார்த்தவர்களைக் காப்பாற்றியது அவர்கள் கண்ட பொருள் அல்ல, எல்லாருக்கும் மீட்பரான தேவன்தான் என்கிறது.

சரி, ஏன் பாம்பு? ஆட்டுக்குட்டியின் உருவத்தை வைத்திருக்கலாமே? என் புரிதல் இது. பார்க்கிறவன் தன்னைக் கடித்தது எது என்பதை ஒத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் கம்பத்தைப் பார்க்க மாட்டான். அதோடு, கொல்லுகிறதன் உருவமே விஷமில்லாமல், அசையாமல், எல்லாரும் பார்க்கக் கம்பத்தில் தூக்கப்பட்டிருக்கிறது. ‘கம்பம்’ என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் ‘நேஸ்’ என்ற சொல் இருக்கிறது. கொடிமரம், தூரத்திலிருந்தே எல்லாருக்கும் தெரிகிற அடையாளக் கொடி என்று அர்த்தம். ‘யேகோவாநிசி’ என்று பாட்டில் பாடுகிறோமே, அந்த நிசி இந்தச் சொல்தான்.

இங்கே ஒரு கிளைச்செய்தி, எனக்குப் பிடித்தது என்பதால் சொல்கிறேன். எண்ணாகமம் 33இல் பாளயமிறங்கிய இடங்களின் பட்டியல் இருக்கிறது. ஓர் மலைக்குப் பிறகு சல்மோனா, பிறகு பூனோன், பிறகு ஓபோத். பாம்புக் கதை முடிந்ததும் 21ஆம் அதிகாரம் அவர்களை ஓபோத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆக, இது நடந்தது பூனோனிலோ அதற்குச் சற்று முன்போ. பூனோன் என்பது இன்றைய ஜோர்தானின் ஃபைனான் பகுதி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது பழங்காலத்தில் செம்பு வெட்டி உருக்கிய பெரிய இடம். ‘வெண்கலம்’ என்று நம் வேதாகமத்தில் உள்ள எபிரெயச் சொல் செம்பையும் குறிக்கும். மோசேக்கு உலோகம் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்கிறவர்களுக்கு இது போதும். அதே பள்ளத்தாக்கு நெடுகிலும் தெற்கே போனால் வரும் திம்னா என்ற செம்புச் சுரங்கப் பகுதியில் 1969இல் அகழ்வாராய்ச்சி செய்தபோது, தலையில் பொன் தகடு போட்ட ஒரு சிறிய செம்புப் பாம்பு கிடைத்தது. சுமார் 12 சென்டிமீட்டர் நீளம். மோசே செய்தது அதுவல்ல, குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த வட்டாரத்தில் அந்தக் காலத்தில் உலோகப் பாம்பு செய்கிற வழக்கம் இருந்தது என்பது மட்டும் தெரிகிறது.

இந்தக் கதையை இரட்சிப்போடு இணைத்தவர் நம்மைப் போன்ற பிரசங்கி யாரும் அல்ல, இயேசுவே. யோவான் 3ஆம் அதிகாரம், இராத்திரியில் வந்த நிக்கொதேமுவிடம். அவன் பரிசேயன், இஸ்ரவேலில் போதகன், எண்ணாகமம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மறுபடியும் பிறக்க வேண்டும் என்று இயேசு சொன்னது அவனுக்குப் பிடிபடவில்லை. இது எப்படி ஆகும், இது எப்படி ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அப்போது இயேசு அவனுக்குத் தெரிந்த கதையை எடுக்கிறார். சர்ப்பமானது மோசேயினால் வனாந்தரத்திலே உயர்த்தப்பட்டதுபோல மனுஷகுமாரனும் உயர்த்தப்பட வேண்டும், தன்னை விசுவாசிக்கிறவன் எவனோ அவன் கெட்டுப்போகாமல் நித்தியஜீவனை அடையும்படிக்கு. நாம் மனப்பாடமாகச் சொல்லும் 3:16 இதற்கு அடுத்த வரி. பாம்பு இல்லாமல் அந்த வசனத்தை ஒப்பித்துப் பழகிவிட்டோம்.

எண்ணாகமத்தில் ‘நோக்கிப்பார்த்தால்’ என்று இருந்த இடத்தில் இயேசு ‘விசுவாசிக்கிறவன்’ என்று வைக்கிறார். விசுவாசம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது. கடிபட்டவன் தன்னால் ஒன்றும் முடியாது என்ற நிலையில் கண்ணை அந்தப் பக்கம் திருப்புவது. நாமோ அதை ஒரு சக்தியாக, உள்ளே திரட்டி வைக்கிற ஒரு கையிருப்பாக ஆக்கிவிட்டோம். இத்தனை படி இருந்தால் சுகம், இத்தனை படி இருந்தால் இரட்சிப்பு என்று அளந்து பார்க்கிறோம். ஆண்டவரோ கடுகுவிதையளவு என்று சொல்லி அந்தக் கணக்கையே கலைத்துவிட்டார்.

‘பிழைப்பான்’ என்பதும் இயேசுவின் வாயில் மாறுகிறது. வனாந்தரத்தில் கிடைத்த பிழைப்பு எவ்வளவு நாளைக்கு என்று பாருங்கள். ஓபோத்துக்குப் பிறகு இன்னும் ஒரு பாளயம், அதற்கடுத்து சேரேத் ஆறு. எகிப்திலிருந்து வந்த யுத்தமனிதரின் தலைமுறை முழுவதும் அந்த ஆற்றைக் கடப்பதற்குள் மாண்டுபோயிற்று, அதற்கு 38 வருடம் ஆயிற்று என்று உபாகமம் 2:14 சொல்கிறது. அந்தப் பழைய தலைமுறையில் யாராவது அன்று கம்பத்தைப் பார்த்துப் பிழைத்திருந்தால், அவர்களும் ஆற்றின் அக்கரையைப் பார்க்கவில்லை. இளையவர்கள் கானானுக்குப் போய்ப் பிற்பாடு செத்தார்கள். பாம்புக்கடியிலிருந்து தப்பிய ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. இயேசு நிக்கொதேமுவுக்குச் சொன்னது அந்தப் பிழைப்பை அல்ல. கெட்டுப்போகாமல் நித்தியஜீவனை அடைவது என்றார். அந்தச் சகோதரர் வனாந்தரத்துப் பிழைப்பையும் சிலுவையின் பிழைப்பையும் ஒரே மூட்டையாகக் கட்டி உங்கள் மடியில் போட்டுவிட்டார். இது கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை என்று நீங்கள் பயந்துவிட்டீர்கள். மூட்டையைப் பிரியுங்கள்.

சுகம் கிடைக்காத விசுவாசிகள் புதிய ஏற்பாட்டிலேயே இருக்கிறார்கள். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி பலவீனம் வந்துகொண்டிருந்தது. பவுலுக்கே ஒரு முள். மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், அது எடுக்கப்படவில்லை, “என் கிருபை உனக்குப்போதும்” என்ற வார்த்தைதான் வந்தது. இவர்களில் யாரிடமும் நீ சரியாகப் பார்க்கவில்லை என்று ஆண்டவர் சொன்னதாக இல்லை. சுகத்துக்காக ஜெபிக்க வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் உங்கள் விரல்களுக்காக ஜெபிக்கிறேன், அவர் சுகம் கொடுக்கிறவர்தான்.

இப்போது அந்த ராஜா. மோசே செய்த சர்ப்பம் என்ன ஆயிற்று தெரியுமா? பல நூறு வருடம் பத்திரமாக இருந்தது. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் யூதாவின் ராஜாவாக எசேக்கியா வந்தபோது, ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா அதை உடைத்துப்போட்டு, அதற்கு நிகுஸ்தான் என்று பெயரிட்டான். வெறும் வெண்கலத் துண்டு என்கிற மாதிரி ஒரு பெயர். 2 இராஜாக்கள் 18:4இல் இருக்கிறது. தேவனே செய்யச் சொன்னது, மோசேயின் கைவேலை, அத்தனை பேரைப் பிழைக்கவைத்தது. அதை உடைக்க அந்த ராஜாவுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! ஆனால் வேதம் அவனைக் குறை சொல்லவில்லை, பாராட்டுகிறது.

சகோதரி, உங்கள் குழுவில் விசுவாசம் என்பதே ஒரு நிகுஸ்தான் ஆகிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். எல்லாரும் கம்பத்தை விட்டுவிட்டுத் தங்கள் தங்கள் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டிருக்கிறீர்கள். என் பார்வை கூர்மையா, அவளுடையது மங்கலா, இவர் கண் சிமிட்டினாரா என்று. தன் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குக் கம்பம் தெரியாது. இரட்சிக்கப்பட்டிருக்கிறேனா என்று தூங்காமல் நீங்கள் உங்களுக்குள்ளேயே தேடுகிறீர்கள். அங்கே தேடினால் கிடைப்பது விஷமும் காய்ச்சலும்தான், எனக்கும் அப்படித்தான். கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல என்று பவுல் எபேசியருக்கு எழுதினார். நம்மால் உண்டாகாத ஒன்றை நமக்குள் அளந்து பார்த்து என்ன பயன்?

சரி, எப்படித்தான் தெரிந்துகொள்வது என்பீர்கள். மாற்கு 9இல் ஒரு தகப்பன் வருகிறான், பிள்ளைக்குச் சிறுவயது முதல் நோய். “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு கத்துகிறான். ஒரே மூச்சில் இரண்டும், விசுவாசமும் அவிசுவாசமும். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, அவிசுவாசத்தை முதலில் சரிபண்ணிக்கொண்டு வா என்று சொல்லவில்லை. ஏனென்றால் அந்தக் குழப்பத்தோடேயே அவன் சரியான ஆளைப் பார்த்துத்தான் கத்தினான். நீங்கள் தூங்காமல் யாரை நினைத்து அழுகிறீர்கள்? இரட்சிப்பு போய்விடுமோ என்று பயந்து யாரிடம் பேசுகிறீர்கள்? உங்கள் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது எனக்கு உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

நிக்கொதேமுவின் கதை எப்படிப் போயிற்று என்பதும் உங்களுக்கு உதவும். அந்த இராத்திரியில் அவன் விசுவாசித்தான் என்று யோவான் எழுதவில்லை. வந்தான், கேட்டான், அத்தோடு காணாமல்போகிறான். 7ஆம் அதிகாரத்தில் ஆலோசனைச் சங்கத்தில் இயேசுவுக்காக ஒரே ஒரு கேள்வி கேட்டு, நீயும் கலிலேயனோ என்று திட்டு வாங்குகிறான். அப்புறம் 19ஆம் அதிகாரம், மனுஷகுமாரனாகிய இயேசு சிலுவையில் உயர்த்தப்பட்ட நாள். சரீரத்தை அடக்கம்பண்ண வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் எடுத்துக்கொண்டு வருகிறான். அவ்வளவு மெதுவாகத் திரும்பிய ஒரு கண் அது. மெதுவாகத் திரும்பியதற்காக யோவான் அவனை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மருந்து விஷயத்தில் நான் சொல்வதாகச் சொன்ன சம்பவமும் எசேக்கியாவுடையதுதான். சர்ப்பத்தை உடைத்த அதே மனுஷன் பிளவை வந்து சாகக் கிடக்கிறான். அழுது ஜெபிக்கிறான். உன்னைக் குணமாக்குவேன், உன் நாட்களோடே 15 வருடம் கூட்டுவேன் என்று கர்த்தருடைய வார்த்தை ஏசாயா மூலம் வருகிறது. வாக்குத்தத்தம் நேரடியாகப் பரலோகத்திலிருந்து கிடைத்துவிட்டது. அடுத்த வரியில் ஏசாயா என்ன செய்கிறார்? அத்திப்பழத்து அடையைக் கொண்டுவாருங்கள் என்கிறார். பிளவையின்மேல் பற்றுப் போடுகிறார்கள், அவன் பிழைக்கிறான். தீர்க்கதரிசியே பற்றுப் போடச் சொன்னார். அதனால் எசேக்கியாவின் விசுவாசம் குறைந்துபோயிற்று என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

செய்தி கொடுத்த சகோதரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், நானே சொன்னவன்தானே. தனியாகப் பார்த்து, அந்த ஆறு வசனங்களில் பாம்புகள் போய்விட்டன என்று எங்கே இருக்கிறது, எனக்குக் காட்டுங்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் தேடட்டும். மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் வேறு ரகம். அவர் மறுபடியும் வற்புறுத்தினால் உங்கள் சபைப் போதகரிடம் சொல்லுங்கள். அங்கேயும் அதே பேச்சு என்றால் கொஞ்ச நாள் அந்தக் குழுவுக்குப் போகாமல் இருப்பதில் பாவம் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை உபவாசம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உங்கள் மாத்திரைகள் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டியவை என்று டாக்டர் சொல்லியிருக்கலாம். வெறும் வயிற்றில் போட்டால் சில மருந்துகள் வயிற்றைப் புண்ணாக்கும். அடுத்த முறை போகும்போது அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை வெள்ளிக்கிழமையும் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஜெபியுங்கள்.